மூச்சு முட்டும் இடத்திலே பிறக்கும் கதை



இத்தொடரிலே இன்று எனக்குத் தரப்பட்டுள்ள விடயம் சற்று வேறானது. சாகசம் கலந்த விஞ்ஞான நாவலொன்று வாசகனைக் கட்டிப்போடுவது எதனால் என்பதே அது. தலைப்பைக் கேட்டவுடன், 'இதிலே இலக்கியம் எங்கே இருக்கிறது?' என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்களை நான் குறை கூறமாட்டேன். ஒரு காலத்திலே நானும் அந்தக் கட்சிக்காரன்தான். அதனால் நான் செய்த தவறு ஒன்றை முதலிலே சொல்லிவிட்டு விடயத்துக்கு வருகிறேன்.

பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியனாகக் கல்லூரியிலே தமிழ் கற்பிக்கத் தொடங்கிய ஆரம்ப ஆண்டுகளில், கல்லூரிச் சஞ்சிகைக்கு ஆக்கங்கள் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. உயர்தர வகுப்பிலே கணிதப் பிரிவிற் பயின்ற மாணவன் ஒருவன் ஒரு கொப்பியிலே பன்னிரண்டு பக்கக் கதையொன்று எழுதிக் கொண்டுவந்தான். கடலுக்கடியிலே செல்லும் ஒரு கலத்தைப் பற்றிய கதை. முதலாம் பக்கத்திலே அந்தக் கலம் மலையைத் துளைத்தது. இரண்டாம் பக்கத்திலே பகைவரின் ஐந்து கப்பல்களை ஒரே கதிரால் எரித்தது. மூன்றாம் பக்கத்திலே அதன் தலைவன் சுறாமீன்களோடு பேசினான். நான் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு, 'கற்பனை உண்டு. இலக்கியம் இல்லை' என்று சிவப்பு மையால் எழுதிவைத்தேன். அடுத்த நாள் அவன் வந்து, "முழுக்க வாசிச்சனீங்களோ சேர்?" என்று கேட்டான். "ஓம், வாசிச்சனான்" என்றேன். அது பொய். அவன் ஒன்றும் பேசவில்லை. கொப்பியை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். அதன் பின்னர் அவன் என்னிடம் ஒரு கதையேனும் கொண்டுவந்ததில்லை. அந்தக் கொப்பியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இனி விடயத்துக்கு வருவோம். விஞ்ஞானப் புனைகதை என்றவுடன் நம்மவர்கள் சிலர், 'இதெல்லாம் எங்கள் புராணங்களிலே உள்ளதுதானே. புட்பக விமானம் இல்லையா?' என்று கேட்பதுண்டு. நல்ல கேள்வி. புட்பக விமானத்திலே எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். காப்பியத்துக்கு அது பொருந்தும். ஏனெனில் அங்கே நாம் விமானத்தைப் பார்ப்பதற்காக வரவில்லை; அதிலே வருபவர்களைப் பார்க்க வந்திருக்கிறோம். ஆனால் விஞ்ஞான நாவலிலே ஏறுகின்ற வாசகன் வேறொரு கேள்வியோடு ஏறுகிறான். இந்த வாகனத்திலே எத்தனை பேர் ஏறலாம்? ஒருவர் கூடினால் என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்கு ஆசிரியர் நேர்மையாக விடை சொல்லத் தொடங்கும்போதுதான் விஞ்ஞான நாவல் சுவைக்கத் தொடங்குகிறது. இன்றைய உரையிலே நான் நிறுவ விரும்புவது இந்த ஒன்றைத்தான். அற்புதம் எங்கே முடிகிறதோ அங்கேதான் சாகசம் ஆரம்பிக்கிறது.

இதற்கு உதாரணமாகப் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ணின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' என்ற நாவலை எடுத்துக்கொள்கிறேன். இது 1869, 1870 ஆம் ஆண்டுகளிலே சஞ்சிகையொன்றிலே தொடராக வெளிவந்தது. தலைப்பைப் பார்த்துப் பலர் இருபதாயிரம் லீக் ஆழம் என்று எண்ணிவிடுகிறார்கள். அது ஆழம் அன்று. கடலுக்கடியிலே சென்ற தூரம். ஒரு லீக் நான்கு கிலோமீற்றர் எனக் கொண்டால் 80,000 கிலோமீற்றர். அதாவது பூமியை ஏறக்குறைய இரண்டு தடவை சுற்றிவரும் தூரம்.

இந்த நாவலை நான் முதன்முதலில் வாசித்தது 1990 களின் முற்பகுதியிலே, யாழ்ப்பாணத்திலே, சிறுவனாக இருந்தபோது. அட்டை கழன்றுபோன ஒரு சுருக்கத் தமிழாக்கம். மின்சாரம் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் தயவிலே வானொலி கேட்ட தலைமுறை எங்களுடையது. நாடகம் உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்துச் சுழற்றுபவன் களைத்துவிடுவான்! படிப்புக்கு, சிறிதளவு மண்ணெண்ணெயில் எரியும் ஜாம் போத்தல் விளக்கு. அந்த வெளிச்சத்திலேதான் நான் கப்டன் நீமோவோடு தென்துருவத்துக்குப் போனேன்.

வேர்ண் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நீர்மூழ்கிக் கலம் அவருடைய கண்டுபிடிப்பு அன்று. 1800 ஆம் ஆண்டிலேயே றொபேட் ஃபுல்டன் என்பவர் நோட்டிலஸ் என்ற இதே பெயரிலே ஒரு நீர்மூழ்கியைக் கட்டியிருந்தார். வேர்ண் வாசகனிடம் கேட்கும் சலுகை ஒன்றே ஒன்றுதான். மிகப் பெரிய கலமொன்றை நெடுந்தூரம் இயக்கக்கூடிய மின்சாரம் நீமோவிடம் உண்டு என்று நம்புங்கள் என்கிறார். அந்தச் சலுகையைப் பெற்றபின் எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்டுகிறார். கலத்தின் நீளம் 70 மீற்றர். அகலம் 8 மீற்றர். மின்கலங்களுக்கு வேண்டிய சோடியம் கடல்நீரிலிருந்தே பெறப்படுகிறது. மூழ்குவதற்குத் தொட்டிகளிலே நீரை நிரப்ப வேண்டும். எழுவதற்கு அதை வெளியேற்ற வேண்டும். கடைக்காரர் ஒருவர் முதலிலே ஒரு தொகையைக் கடனாக வாங்கிக்கொண்டு, பின்னர் சதம் பிசகாமற் கணக்குக் கொடுத்தால் நாம் அவரை நம்புவோம் அல்லவா? வேர்ண் அப்படிப்பட்ட கடைக்காரர்.

ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் இவ்வளவு கணக்குக் காட்டுபவர் அல்லர். ஆயினும் அடிப்படை விதி அவருக்கும் ஒன்றுதான். 1930 களிலே தமது விஞ்ஞானக் கதைத் தொகுதியொன்றுக்கு எழுதிய முன்னுரையிலே, எதுவும் நடக்கலாம் என்றாகிவிட்ட உலகத்திலே எதிலும் சுவை இருக்காது என்ற கருத்தை அவர் வெளியிட்டார். 1897 ஆம் ஆண்டிலே வெளிவந்த அவருடைய கட்புலனாகா மனிதனை நினைத்துப் பாருங்கள். உடல் மறைந்துவிட்டது, உடை மறையவில்லை. ஆகவே குளிர்காலத்து லண்டன் தெருவிலே அவன் ஆடையின்றி நடுங்க வேண்டும். சேற்றிலே கால் வைத்தால் சுவடு தெரியும். உண்ட உணவு சமிபாடடையும்வரை வெளியே தெரியும். மறைந்து திரியும் வரம் பெற்றவன் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே ஒளிந்து திரிய வேண்டியவனாகிறான். வெல்ஸ் அவனுக்கு ஒரு வரத்தைக் கொடுத்து, அந்த வரத்துக்குரிய விலையை ஒன்றுவிடாமல் அறவிடுகிறார்.

இப்போது நோட்டிலஸின் விலை என்ன என்று பார்ப்போம். மூச்சு! அந்த மாபெரும் கலம் திமிங்கிலத்தைப் போலக் காற்றுக்காக மேலே வந்தாக வேண்டும். வேர்ண் இதை ஆரம்பத்திலேயே, சாதாரண தகவல் போலச் சொல்லிவிடுகிறார். நாமும் வாசித்துவிட்டு மறந்துவிடுகிறோம். பின்னர் தென்துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழியிலே பனிப்பாறையொன்று புரண்டு பாதையை அடைக்கிறது. மேலும் பனி, கீழும் பனி, பக்கங்களிலும் பனி. அடியிலே பத்து மீற்றர் தடிப்பான பனியை வெட்டினால் மட்டுமே தப்பலாம். சேமிப்பிலே உள்ள காற்று சில நாட்களுக்குத்தான். ஆட்கள் மாறி மாறி வெளியே இறங்கி வெட்டுகிறார்கள். அவர்கள் வெட்டிக்கொண்டிருக்கும்போதே சூழவுள்ள நீரும் உறையத் தொடங்குகிறது. பனிச்சுவர்கள் நெருங்கி வருகின்றன. நீமோ கொதிநீரைப் பாய்ச்சிச் சுவர்களைத் தடுத்து வைக்கிறான். உள்ளே காபனீரொட்சைட்டு கூடிக்கொண்டு போகிறது.

இங்கே பகைவன் என்று எவரும் இல்லை. துப்பாக்கி இல்லை, வாட்போர் இல்லை. ஓர் எண் குறைந்துகொண்டு போகிறது, அவ்வளவுதான். ஆனால் நான் அந்தப் பக்கங்களை வாசித்த இரவிலே என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. அந்த வேளை பார்த்து விளக்கும் மங்கத் தொடங்கியது. "எண்ணெய் முடியப்போகுது ராசா, நாளைக்குப் படிக்கலாம். படு" என்றார் அம்மா. நோட்டிலஸ் பனிக்கடியிலே கிடக்க எனக்கு எப்படி உறக்கம் வரும்? அடுத்த நாட் காலை முற்றத்திலே நின்று மிகுதியை வாசித்தேன். கதையைச் சொல்லும் பேராசிரியர் அரோனக்ஸ் மயங்கிக் கிடக்கிறார். அவருடைய பணியாள் கொன்சேயும், திமிங்கில வேட்டைக்காரன் நெட் லாண்டும் சுவாசக் கருவியொன்றிலே எஞ்சியிருந்த கடைசிக் காற்றைத் தாங்கள் சுவாசிக்காமல் அவருக்குக் கொடுக்கிறார்கள். அதுவரை ஒரு விஞ்ஞானக் கணக்காக இருந்தது அந்த இடத்திலே நட்பின் கதையாகிவிடுகிறது. காற்றுக்கு எல்லை இருந்தபடியால்தான் அந்த நட்புக்கு ஒரு செயல் கிடைத்தது. நீமோவிடம் வற்றாத காற்றுத் தொட்டி இருந்திருந்தால் கொன்சேய் எவ்வளவு நல்லவன் என்று நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

ஆக, எல்லை என்பது இரண்டு வேலைகளைச் செய்கிறது. வாசகனுக்கு அச்சத்தைக் கொடுக்கிறது. பாத்திரங்களின் குணத்தை வெளியே கொண்டுவருகிறது. முதலாவதைச் சாதாரண சாகச நாவலும் செய்யும். இரண்டாவதையும் செய்யும்போதுதான் அது மனத்திலே நிலைக்கிறது.

நான் படித்த சுருக்கத்திலே இல்லாத ஒரு பகுதியைப் பல ஆண்டுகளின் பின், பல்கலைக்கழகத்திலே இருந்த காலத்தில், முழு நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பிலே கண்டு வியந்தேன். நோட்டிலஸ் எங்கள் மன்னார்க் கடலுக்கு வருகிறது! பேராசிரியர் கலத்திலுள்ள நூலகத்திலே இலங்கை பற்றிய நூலொன்றைத் தேடி எடுக்கிறார். முத்துக்குளிப்பவர்கள் எவ்வளவு நேரம் மூச்சடக்குவார்கள் என்று நீமோவிடம் கேட்கிறார். சராசரியாக முப்பது விநாடி என்கிறான் நீமோ. பின்னர் அவர்கள் சுவாசக் கருவிகள் பூட்டிக்கொண்டு கடலடியிலே நடக்கிறார்கள். முத்துக்குளிப்புப் பருவம் தொடங்குமுன் தனியே வந்த ஏழைச் சுழியோடி ஒருவன், காலிடையே கல்லைப் பற்றிக்கொண்டு, இறங்கி ஏறி இறங்கி ஏறிச் சிப்பி சேர்க்கிறான். அவனைச் சுறாவொன்று தாக்க வருகிறது. உலகத்து மனிதர்களோடு உறவே வேண்டாம் என்று கடலுக்குள் ஒளிந்து வாழும் நீமோ, கையிலே குத்துவாளோடு சுறாவின்மீது பாய்கிறான். முடிவிலே நெட் லாண்டின் ஈட்டி சுறாவைக் கொல்கிறது. சுழியோடியை மேலே கொண்டுவந்து உயிர்ப்பித்த நீமோ, ஒரு பை நிறைய முத்துக்களை அவன் கையிலே கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான்.

வேர்ண் இலங்கைக்கு வந்தவர் அல்லர். நூல்களைப் படித்தே எழுதினார். சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரையோரங்களிலே முத்துக்குளிப்பு நடந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அவருடைய சித்திரிப்பிலே குறைகள் தெரியலாம். ஆனால் அவர் தெரிந்தெடுத்த காட்சியைக் கவனியுங்கள். ஒரு பக்கத்திலே உலகின் உன்னத இயந்திரத்தைக் கட்டியவன். மறு பக்கத்திலே முப்பது விநாடி மூச்சையே முதலாகக் கொண்டு பிழைப்பவன். இருவரும் ஒரே நீருக்கடியிலே சந்திக்கிறார்கள். நீமோ யார், ஏன் மனிதரை வெறுக்கிறான், வெறுப்பவன் ஏன் இந்த ஒருவனுக்காக உயிரைப் பணயம் வைக்கிறான் என்ற கேள்விகள் அந்த இடத்திலே நம்மைப் பற்றிக்கொள்கின்றன. நீமோ ஓர் இந்திய இளவரசன் என்ற விடையை வேர்ண் 1874, 1875 ஆம் ஆண்டுகளிலே வெளிவந்த 'மர்மத் தீவு' என்ற நாவலிலேதான் சொன்னார். வாசகர்கள் அதுவரை காத்திருந்தார்கள். இயந்திரத்தின் புதிர் அவிழ்ந்த பின்னரும் மனிதனின் புதிர் அவிழாமல் இருக்க வேண்டும். விஞ்ஞான நாவலை மறுபடி வாசிக்கத் தூண்டுவது இதுவே எனலாம். நம் தமிழிலும் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை வாசித்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். கதைப்பின்னலை மறந்தவர்களும் ஜீனோ என்ற இயந்திர நாயை மறந்திருக்கமாட்டார்கள்.

இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் சரக்கு, இன்றைக்குப் பொருந்துமா என்று ஐயுறுவோருக்காக இன்னொரு நாவலையும் குறிப்பிடுகிறேன். 1956 ஆம் ஆண்டு முதல் இலங்கையிலே வாழ்ந்து, 2008 ஆம் ஆண்டு கொழும்பிலே காலமான ஆர்தர் சி. கிளார்க் 1979 இல் வெளியிட்ட 'சொர்க்கத்தின் ஊற்றுக்கள்' என்பதே அது. பூமியிலிருந்து விண்ணுக்கு ஏறிச்செல்லும் ஒரு மின்தூக்கியைக் கட்ட முனையும் பொறியியலாளர் மோர்கனின் கதை. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்திலே சுற்றும் பொருளொன்று, பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால், நமக்கு அசையாமல் நிற்பது போலத் தோன்றும். அங்கிருந்து ஓர் இழையைக் கீழே விட்டால் அதைப் பற்றி ஏறலாம். வானளாவும் கோபுரமொன்றைப் பற்றி ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1895 இலேயே சிந்தித்திருந்தார். இழையை மேலிருந்து இறக்கலாம் என்பதை 1960 இல் அர்சுதானொவ் என்ற ரஷ்யப் பொறியியலாளர் எழுதினார். கிளார்க் நம்மிடம் கேட்கும் சலுகை, அந்தப் பாரத்தைத் தாங்கும் இழையொன்று உண்டு என்பது மட்டுமே. இன்றுவரை அப்படியொரு இழையை எவரும் அந்த நீளத்துக்குச் செய்ததில்லை.

சலுகையைப் பெற்றுக்கொண்டபின் கிளார்க் கணக்கை எவ்வளவு மதிக்கிறார் பாருங்கள். மின்தூக்கி பூமத்திய ரேகையிலே நிற்க வேண்டும்; இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. ஆகவே நாவலிலே தீவையே சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, அதற்குத் தப்ரபேன் என்ற பழைய பெயரையும் சூட்டிவிடுகிறார். சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேறு பெயர்களிலே அங்கு வருகின்றன. விதியை வளைப்பதை விடத் தீவை நகர்த்துவது அவருக்குச் சுலபமாக இருந்தது! வேண்டிய மலையுச்சியிலோ பழம்பெரும் மடம் ஒன்று இருக்கிறது. துறவிகள் இடம் கொடுக்க மறுக்கிறார்கள். விஞ்ஞானத்துக்கும் நம்பிக்கைக்கும் இடையிலான இந்த வழக்கிலே ஆசிரியர் எந்தப் பக்கத்தையும் ஏளனம் செய்யவில்லை.

இந்த நாவலின் உச்சக்கட்டமும் மூச்சைப் பற்றியதுதான். கட்டிமுடியாத கோபுரத்திலே 600 கிலோமீற்றர் உயரத்திலே சிலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அவர்களிடம் காற்று குறைந்துகொண்டு போகிறது. 'சிலந்தி' என்ற சிறு வாகனத்திலே அவர்களுக்கு உதவி கொண்டு மோர்கன் தனியாக ஏறுகிறார். பாதி வழியிலே, கழன்று விழ வேண்டிய வெறும் மின்கலம் ஒன்று கழல மறுக்கிறது. அந்தப் பாரத்தோடு மேலே போய்ச்சேர முடியாது. மோர்கனுக்கோ இருதய நோய். உலகத்தின் மிகப் பெரிய கட்டடத்தைக் கட்டியவர், ஒரு சிறு பூட்டாணியோடும் தமது நெஞ்சோடும் போராட வேண்டியிருக்கிறது. முடிவை நான் சொல்லப்போவதில்லை. நூலைத் தேடி வாசியுங்கள்.

எழுத விரும்பும் இளைஞர்களுக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது இவ்வளவே. உங்கள் கதையிலே அற்புதம் ஒன்று இருக்கட்டும். இரண்டாவதைச் சேர்க்குமுன் பல முறை யோசியுங்கள். அந்த அற்புதத்தினால் முடியாதது எது என்பதைக் கதையின் முற்பகுதியிலேயே, வாசகன் கவனியாதவாறு சொல்லிவையுங்கள். ஆபத்தை வெளியிலிருந்து அரக்கனாகக் கொண்டுவராமல் அந்த முடியாமையிலிருந்தே எழச் செய்யுங்கள். இக்கட்டு வந்தபின் புதிய கருவியொன்றைக் கண்டுபிடித்துத் தப்பவைக்க வேண்டாம். வாசகன் அதை ஒருபோதும் மன்னிக்கமாட்டான். இக்கட்டிலே நிற்கும் மனிதன் எதை விட்டுக்கொடுப்பான், யாருக்காக விட்டுக்கொடுப்பான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் அறை அலுமாரியைத் துப்புரவு செய்தபோது அது மறுபடி என் கையிலே அகப்பட்டது. வெட்கத்தோடு நான்காம் பக்கத்திலிருந்து வாசித்தேன். கதிர்களும் வெடிகளும் ஏழாம் பக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. ஒன்பதாம் பக்கத்திலே அந்தக் கலம் கவிழ்ந்த வள்ளமொன்றைத் தேடிப் புயற்கடலுக்குள் போகிறது. கலத்திலே காற்று நான்கு பேருக்கு மட்டும் போதும் என்று அவன் முதலாம் பக்கத்திலேயே ஒரு வரி எழுதியிருக்கிறான். நான் அதைக் கவனிக்கவில்லை. கலத்திலே இரண்டு பேர். வள்ளத்திலே இருந்தவர்கள் மூன்று பேர். பன்னிரண்டாம் பக்கத்திலே கலத்தின் தலைவன் கதவருகே நின்று மறுபடியும் எண்ணிப் பார்க்கிறான். கதை அந்த இடத்தோடு நிற்கிறது. மிகுதியை அவன் எழுதவில்லை. எழுதியிருப்பானோ, என் சிவப்பு மை தடுத்ததோ, யானறியேன்.

அவன் இப்போது எந்த நாட்டிலே என்ன தொழில் செய்கிறான் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கொப்பி என் வீட்டிலே பத்திரமாக இருக்கிறது. இந்த உரையைக் கேட்க நேர்ந்தால், அல்லது பத்திரிகையிலே வாசிக்க நேர்ந்தால், அவன் வந்து அதைப் பெற்றுக்கொள்ளலாம். அந்த ஐந்தாவது ஆளுக்கு என்ன நடந்தது என்பதை அறிய நான் காத்திருக்கிறேன். இப்போதெல்லாம் எந்த மாணவன் விண்கலக் கதையோடு வந்தாலும் கடைசிப் பக்கம்வரை வாசித்த பின்னரே பேனையை எடுக்கிறேன்.